மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறுவது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து போகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் சூளகிரி, ஓசூர், ஜூஜூவாடி வரை வண்டி ஒழுங்காக ஓடும். அத்திப்பள்ளி தாண்டியதும்தான் நேரம் கரையும். சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்றுதான் ஊருக்குள் நுழைய வேண்டும். 2025 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூரு மெட்ரோவின் யெல்லோ லைன் திறந்த பிறகு இதற்கு ஒரு மாற்று கிடைத்திருக்கிறது: பொம்மசந்திராவிலேயே பஸ்ஸை விட்டுவிட்டு மெட்ரோ ஏறுவது. பெரிய பஸ் நிலையமும் ரயில் நிலையமும் எதிரெதிரே இருக்கும் மெஜஸ்டிக் போக ஒரு முறை வண்டி மாற வேண்டும். எம்.ஜி. ரோடு, இந்திரா நகர், ஒயிட்ஃபீல்டு பக்கம் போக இரண்டு முறை.

மாறுகிற இடத்தில்தான் எல்லாக் குழப்பமும் வருகிறது. எந்த ஸ்டேஷனில் நின்றாலும் இரண்டு விஷயம் போதும். வண்டி கடைசியாகப் போய் நிற்கும் ஊரின் பெயரைப் பார்த்து ஏறுங்கள். போக வேண்டிய இடம் வரும் வரை எந்த கேட்டையும் தாண்டி வெளியே போகாதீர்கள். கிழக்கு மேற்கு, இடது வலது எல்லாம் தரைக்குக் கீழே உதவாது.

பொம்மசந்திராவில் ஏறுவது

ஓசூர் ரோட்டில் பெங்களூரு நோக்கி வரும்போது முதலில் வருகிற மெட்ரோ ஸ்டேஷன் இதுதான். பலகையில் 'டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா' என்று கம்பெனிப் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கும். பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம் "பொம்மசந்திரா மெட்ரோவில் நிறுத்துவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். எல்லா எக்ஸ்பிரஸ் வண்டியும் அங்கே நிற்காது. நிற்காது என்று சொன்னால் ஓசூரில் இறங்கி டவுன் பஸ் மாறுவது நல்லது. இதில் அலட்சியமாக இருந்தால் எலக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் வண்டி மேம்பாலத்தில் ஏறிவிடும். சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் முடியும் வரை இறங்க வழியில்லை. வழியில் இருக்கிற பொம்மனஹள்ளி, கூட்லு கேட் ஸ்டேஷன்களை எல்லாம் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

யெல்லோ லைன் 19.15 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். பொம்மசந்திரா ஒரு கோடி, ஆர்.வி. ரோடு மறு கோடி. அதனால் இங்கே எந்த வண்டி நின்றாலும் அது ஆர்.வி. ரோடு போகிற வண்டிதான், தவறாக ஏற வாய்ப்பில்லை. இந்த லைனில் கவனிக்க வேண்டியது வண்டிகளின் இடைவெளி. திறந்தபோது மூன்றே ரயில்களை வைத்து 25 நிமிடத்துக்கு ஒன்று ஓட்டினார்கள். பெட்டிகள் வரவர இடைவெளி குறைந்தது. ஆனாலும் மெஜஸ்டிக் வழியாகத் தெற்கு வடக்காக ஓடும் கிரீன் லைன், கிழக்கு மேற்காக ஓடும் பர்ப்பிள் லைன் மாதிரி ஒன்று போனால் உடனே அடுத்தது என்று நினைத்துக் கிளம்ப வேண்டாம். கோர்ட், ஆஸ்பத்திரி, இன்டர்வியூ என்று மணி சொல்லிய வேலை இருந்தால் இந்த ஒரு லைனுக்கு மட்டும் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டிக்கெட்

கவுண்டரில் டோக்கன் வாங்கலாம், ஸ்மார்ட் கார்டு வைத்துக்கொள்ளலாம், அல்லது போனில் கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு போன் டிக்கெட்தான் வசதி, ஒரே கியூஆரில் ஆறு பேர் வரை போகலாம். மாதம் ஒரு முறையாவது போகிறவர் என்றால் கார்டு வாங்கிவிடுங்கள். கார்டில் காசு குறைவாக இருந்தால் நுழையும் கேட்டே திறக்காது, அதனால் கிளம்பும்போது நூறு ரூபாயாவது இருக்கட்டும்.

மிக முக்கியமான விஷயம்: டிக்கெட்டை நேராகக் கடைசி ஸ்டேஷனுக்கே எடுங்கள். எம்.ஜி. ரோடு போக வேண்டியவர் 'முதலில் மெஜஸ்டிக் வரை எடுப்போம், அங்கே போய் மறுபடி எடுக்கலாம்' என்று ரயில்வே பழக்கத்தில் நினைப்பார். அப்படிச் செய்தால் செலவு கூடும். மெட்ரோவில் கட்டணம் மொத்த தூரத்துக்குத்தான், எத்தனை லைன் மாறினாலும் ஒரே டிக்கெட். 2025 பிப்ரவரி 9 முதல் வந்த கட்டணத்தில் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 90 ரூபாய். பொம்மசந்திராவில் ஏறி ஊரின் மறுமுனையான ஒயிட்ஃபீல்டு போனாலும் அந்த உச்சவரம்பைத் தாண்டாது. நடுவில் வெளியேறி மறுபடி டிக்கெட் எடுத்தால் இந்தச் சலுகை போய்விடும், ஏனென்றால் முதல் சில கிலோமீட்டர்களுக்குத்தான் விகிதம் அதிகம்.

மூட்டை முடிச்சு பற்றி ஒரு வார்த்தை. நுழையும்போது பையை ஸ்கேன் செய்வார்கள். 15 கிலோ, 60க்கு 45க்கு 25 சென்டிமீட்டர் என்ற அளவுக்கு உட்பட்ட ஒரு பை கணக்கில் வராது, அதைத் தாண்டினால் தனியாகக் காசு கேட்கலாம். கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ மூட்டையோ மாங்காய்க் கூடையோ கொண்டு போகிறவர்களுக்கு மெட்ரோ சரிப்பட்டு வராது, வழக்கமான வண்டியே மேல்.

ஆர்.வி. ரோடு: முதல் மாற்றம்

யெல்லோ லைன் இங்கே முடிகிறது, எல்லாரும் இறங்கியாக வேண்டும். கூட்டம் ஒரே திசையில் நகரும், பெரும்பாலும் அது போகிற திசையே சரி. கிரீன் லைன் என்று எழுதிய பச்சைப் பட்டையைப் பார்த்துப் போங்கள். வழியில் கேட் தெரிந்தால் அது வெளியே போகிற வழி, அங்கே திரும்ப வேண்டாம்.

கிரீன் லைன் பிளாட்பாரத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். மாதாவரா என்று போட்டது மெஜஸ்டிக் போகும். சில்க் இன்ஸ்டிடியூட் என்று போட்டது கனகபுரா ரோடு பக்கம், உங்களுக்கு எதிர்த்திசை. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஓசூர் ரோட்டில் நெடுங்காலமாகக் கேட்டுப் பழகிய பெயர் சில்க் போர்டு, அதை நினைத்துக்கொண்டு சில்க் இன்ஸ்டிடியூட் வண்டியில் ஏறிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு இடம். சில்க் போர்டு நீங்கள் ஏற்கெனவே யெல்லோ லைனில் தாண்டி வந்த ஸ்டேஷன்.

சில சமயம் வண்டி மாதாவரா வரை போகாமல் நாகசந்திரா போன்ற ஸ்டேஷனிலேயே நின்றுவிடும். அது மெஜஸ்டிக்குக்கு அப்பால் என்பதால் தயங்காமல் ஏறலாம். ஆர்.வி. ரோட்டிலிருந்து ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், லால்பாக், நேஷனல் காலேஜ், கே.ஆர். மார்க்கெட், சிக்பேட், மெஜஸ்டிக் என ஏழாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும். நேஷனல் காலேஜ் தாண்டியதும் ரயில் பாலத்திலிருந்து இறங்கிச் சுரங்கத்துக்குள் போகும். வெளிச்சம் மறைந்தால் இன்னும் மூன்று ஸ்டேஷன் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு கன்னடத்திலும் இங்கிலீஷிலும்தான் வரும். 'முந்தின நில்தாண' என்றால் அடுத்த ஸ்டேஷன். கதவு 'எடக்கெ' என்றால் இடப்பக்கம், 'பலக்கெ' என்றால் வலப்பக்கம். அத்திப்பள்ளி எல்லையில் புழங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மெஜஸ்டிக்

பெயர்ப்பலகையில் நாடப்பிரபு கெம்பேகவுடா ஸ்டேஷன், மெஜஸ்டிக் என்று இருக்கும். தர்மாம்புதி என்ற ஏரி இருந்து வற்றிய இடத்தில் பஸ் நிலையம் வந்தது, பக்கத்தில் இருந்த சினிமா தியேட்டரின் பெயர் வட்டாரத்துக்கே ஒட்டிக்கொண்டது. எதிரே ரயில் நிலையம், இந்தப் பக்கம் பஸ் நிலையம், இரண்டுக்கும் அருகே தரைக்கடியில் மெட்ரோ. நகரத்தின் கிழக்கு மேற்காக ஓடும் பாதையையும் தெற்கு வடக்காக ஓடும் பாதையையும் சந்திக்க வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் கட்டுவதற்கு இதைவிடக் கஷ்டமான இடமும் இல்லை.

மெட்ரோவுக்கு 2006 ஜூன் 24 அன்று அடிக்கல் நாட்டினார்கள். முதல் ரயில் 2011 அக்டோபர் 20 அன்று எம்.ஜி. ரோட்டுக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையே ஓடியது, அது முழுக்கப் பாலத்தின் மேல். பிறகு ஆண்டுக்கணக்கில் இழுத்தது சுரங்கம்தான். பெங்களூருக்குக் கீழே ஒரே சீரான மண் கிடையாது. கெட்டிக் கருங்கல்லும் இளகிய மண்ணும் மாறி மாறி வரும், துளைக்கும் இயந்திரத்தின் பற்கள் தேய்ந்துபோகும். பர்ப்பிள் லைன் மெஜஸ்டிக் வழியாக முழுதாக இணைந்தது 2016 ஏப்ரல் கடைசியில். அப்போது கிரீன் லைன் வடக்கிலிருந்து வந்து சம்பிகே ரோட்டிலேயே நின்றுவிட்டது, மெஜஸ்டிக்குக்கு ஒரே ஸ்டேஷன் பாக்கி. அந்த ஒரு ஸ்டேஷனையும் தெற்கே எலச்சேனஹள்ளி வரையிலான பாதையையும் 2017 ஜூன் 17 அன்று திறந்தார்கள். மெஜஸ்டிக் லைன் மாறும் ஸ்டேஷனாக வேலை செய்யத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இப்போது அமைப்பு. இரண்டு சுரங்கப் பாதைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகின்றன, ஒரே மட்டத்தில் போக முடியாது. அதனால் பர்ப்பிள் லைன் மேல் அடுக்கிலும் கிரீன் லைன் அதற்குக் கீழ் அடுக்கிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் மேலே டிக்கெட் கவுண்டரும் கேட்டுகளும் இருக்கும் தளம், அதற்கு மேல் தெரு. பொம்மசந்திராவிலிருந்து நீங்கள் கிரீன் லைனில் வருவதால் ஸ்டேஷனின் அடித்தளத்தில் இறங்குவீர்கள். எங்கே போவதானாலும் அங்கிருந்து மேலே ஏற வேண்டும். ஒரு அடுக்கு ஏறினால் பர்ப்பிள். அதையும் தாண்டி ஏறினால் கேட். பர்ப்பிள் லைன் போகிறவர்கள் எஸ்கலேட்டர் வேகத்தில் கூட்டத்தோடு மேலே போய் கேட் தளத்தில் நிற்பது அன்றாடம் நடக்கிற தவறு. கேட்டைத் தாண்டாதவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அதே வழியில் கீழே இறங்கினால் போதும். டோக்கனை ஓட்டையில் போட்டுவிட்டால் அது திரும்பி வராது, கியூஆரைக் காட்டிவிட்டால் அதுவும் முடிந்தது. புது டிக்கெட்தான்.

சுரங்க ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் நடுவிலும் தண்டவாளம் இரு பக்கமும் இருக்கும். அதாவது ஒரே மேடையில் நிற்கும்போது ஒரு பக்கம் ஒயிட்ஃபீல்டு வண்டி, மறுபக்கம் சல்லகட்டா வண்டி வரும். முதுகைத் திருப்பினால் திசை மாறிவிடும். எம்.ஜி. ரோடு, விதான சவுதா, இந்திரா நகர், பையப்பனஹள்ளி, கே.ஆர். புரம் எல்லாம் ஒயிட்ஃபீல்டு பக்கம். விஜயநகர், மைசூர் ரோடு, கெங்கேரி எல்லாம் சல்லகட்டா பக்கம். காலை, மாலைக் கூட்ட நேரத்தில் சில வண்டிகள் ஒயிட்ஃபீல்டு வரை போகாமல் வழியில் கருடாச்சார்பாளையா போன்ற இடத்தில் திரும்பிவிடும். எம்.ஜி. ரோட்டுக்கு எது வந்தாலும் சரி, ஒயிட்ஃபீல்டுக்கு மட்டும் பலகையை நிதானமாகப் படியுங்கள்.

கூட்டம் ஏன் இவ்வளவு? பர்ப்பிளும் கிரீனும் தொட்டுக்கொள்கிற ஒரே இடம் இதுதான். தெற்கே ஜெயநகரிலிருந்து கிழக்கே இந்திரா நகர் போகிறவர்கூட இங்கே வந்துதான் ஆக வேண்டும். யெல்லோ லைன் வந்த பிறகு ஓசூர் ரோட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். காலை 8.30 முதல் 10.30 வரை, மாலை 5.30 முதல் 8 வரை இரண்டு அடுக்குக்கும் இடையிலான படிகளில் ஆள் நகரவே சிரமம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் எஸ்கலேட்டர் வாயில் நின்று யோசிக்காமல், இறங்கியதும் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று பிளாட்பாரத்து காவலரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஓரளவு தமிழ் புரியும். பெண்கள் தனியாகப் போனால் பர்ப்பிள், கிரீன் வண்டிகளில் முன்பக்கப் பெட்டி அவர்களுக்கானது, பிளாட்பாரத்தின் அந்த முனையில் நிற்கலாம்.

போனோ செருப்போ தண்டவாளத்தில் விழுந்தால் இறங்க நினைக்கவே வேண்டாம். நம் ஊர் ரயில் மாதிரி மேலே கம்பியில் கரண்ட் இல்லை. தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது கம்பியில் 750 வோல்ட் போகிறது. ஊழியரிடம் சொன்னால் எடுத்துத் தர ஏற்பாடு செய்வார்கள்.

ஓசூர் வரை மெட்ரோ வருமா என்ற பேச்சிலும் இந்த மூன்றாவது கம்பி வந்து நிற்கிறது. சென்னை மெட்ரோ மேலே கம்பியில் 25,000 வோல்ட்டில் ஓடுவது. அந்த முறையில் ஓசூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தால் ரயில் பொம்மசந்திராவைத் தாண்டி அப்படியே உள்ளே போக முடியாது. இப்போதைக்கு பஸ்தான்.

எதிர்ப்பக்கம் ஏறிவிட்டால்

அடுத்த ஸ்டேஷனில் இறங்குங்கள். அது சுரங்க ஸ்டேஷன் என்றால் வேலை சுலபம், அதே மேடையின் மறுபக்கம் போய் நின்றால் திரும்பும் வண்டி வரும். பாலத்தின் மேலுள்ள ஸ்டேஷன் என்றால் பெரும்பாலும் பிளாட்பாரங்கள் இரண்டு ஓரங்களில் தனித்தனியாக இருக்கும். ஆர்.வி. ரோட்டிலிருந்து தவறிப்போய் பனசங்கரியில் இறங்கினால் கீழ்த்தளத்துக்கு இறங்கி, கேட்டுக்கு உள்ளேயே நடந்து, மறுபக்கப் படியில் ஏற வேண்டும். கூடுதல் காசு கிடையாது. ஆனால் டிக்கெட்டுக்கு நேர வரம்பு உண்டு, உள்ளேயே உட்கார்ந்து நேரம் போக்கினால் வெளியேறும்போது அபராதம் கேட்கும்.

மெஜஸ்டிக்கே தேவையில்லாத வேலைகள்

இதை முதலில் யோசித்தால் பாதி அலைச்சல் மிச்சம். நம் மாவட்டங்களிலிருந்து பெங்களூரு போகிறவர்களில் நிறைய பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். பொம்மசந்திராவில் இருக்கும் நாராயணா ஆஸ்பத்திரிக்கு மெட்ரோவே வேண்டாம், பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்டோ போதும். ஜெயதேவா இதய ஆஸ்பத்திரிக்கு யெல்லோ லைனில் அதே பெயரில் ஸ்டேஷன் இருக்கிறது, வண்டியே மாற வேண்டாம். நிம்ஹான்ஸ், கித்வாய் போகிறவர்களும் ஜெயதேவாவில் இறங்கி ஆட்டோ பிடிப்பது மெஜஸ்டிக் போய்த் திரும்புவதைவிடக் குறைந்த தூரம். விக்டோரியா, வாணி விலாஸ் ஆஸ்பத்திரிகளுக்கு கே.ஆர். மார்க்கெட் ஸ்டேஷன். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்றால் சிக்பேட், அதுவும் மெஜஸ்டிக்குக்கு முந்தைய ஸ்டேஷன். மடிவாளா, கோரமங்களா பக்கம் என்றால் சில்க் போர்டில் இறங்கிவிடலாம்.

பஸ்ஸிலேயே உள்ளே வந்துவிட்டவர்கள் எங்கே இறக்கிவிட்டார்கள் என்று பாருங்கள். மைசூர் ரோடு சேட்டிலைட் பஸ் நிலையம் என்றால் தீபாஞ்சலி நகர் ஸ்டேஷன் பக்கம், ஒயிட்ஃபீல்டு போகும் பர்ப்பிள் வண்டியில் ஏறினால் மெஜஸ்டிக். சாந்தி நகர் என்றால் ஒட்டினாற்போல மெட்ரோ இல்லை, சிட்டி பஸ்தான்.

ரயிலில் வருகிறவர்கள்

கிருஷ்ணகிரிக்குத் திருப்பத்தூரிலிருந்து சின்னப் பாதையில் ரயில் வந்த காலம் போய் எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது மாவட்டத் தலைநகருக்கு ரயில் கிடையாது. தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர்க்காரர்களுக்கு உண்டு. ஆனால் எல்லா ரயிலும் ஒரே இடத்துக்குப் போவதில்லை என்பதால் டிக்கெட்டில் கடைசி ஸ்டேஷன் பெயரைப் பாருங்கள். கோயம்புத்தூர் வந்தே பாரத் கன்டோன்மென்ட் போகிறது, அங்கே இன்னும் மெட்ரோ இல்லை. விஸ்வேஸ்வரய்யா டெர்மினல் போகும் ரயில் என்றால் ஆட்டோவில் பையப்பனஹள்ளி மெட்ரோ போய் பர்ப்பிள் லைன் பிடிக்க வேண்டும். கே.எஸ்.ஆர். பெங்களூரு வரும் ரயில் என்றால் இரண்டு வழி. முதல் பிளாட்பாரம் பக்கம் வெளியே வந்தால் எதிரே பஸ் நிலையமும் மெஜஸ்டிக் மெட்ரோவும். பத்தாம் பிளாட்பாரம் பக்கம் போனால் நடைபாலம் வழியாக ரயில் நிலையத்துக்கென்று தனியாக உள்ள பர்ப்பிள் லைன் ஸ்டேஷன். எம்.ஜி. ரோடு போகிறவர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது, மெஜஸ்டிக் கூட்டம் ஏறுவதற்கு முன்பே வண்டியில் இருப்பீர்கள். கிரீன் லைன் வேண்டுமானால் நேராக மெஜஸ்டிக் நடந்துவிடுங்கள்.

திரும்பும்போது

மெஜஸ்டிக்கில் அடித்தளம் வரை இறங்கி, இந்த முறை சில்க் இன்ஸ்டிடியூட் வண்டி. ஆர்.வி. ரோட்டில் யெல்லோ லைன். பகலில் பொம்மசந்திரா வரை போய் ஓசூர் பஸ் பிடிக்கலாம். இருட்டிய பிறகு அது சரிவராது. வெளியூர் பஸ்கள் அங்கே நிற்காமல் போய்விடும், டவுன் பஸ்ஸும் குறையும். ராத்திரி என்றால் சில்க் போர்டு ஸ்டேஷனிலேயே இறங்கி, மேம்பாலம் ஏறுவதற்கு முன் நிற்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வண்டியைப் பிடியுங்கள். உட்கார இடம் வேண்டும் என்றால் பஸ் கிளம்பும் இடத்துக்கே போய் ஏறுவதுதான் வழி. யெல்லோ லைனின் கடைசி வண்டி நேரமும் கிரீன் லைனின் கடைசி வண்டி நேரமும் ஒன்றல்ல. காலையில் போகும்போதே ஆர்.வி. ரோட்டில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.